கால்வாய் ஓரத்திலிருந்து ஐகோர்ட் வரை: உரிமைக்காக வழக்கு நடத்துவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

வியாசர்பாடியில் கால்வாய் ஓரம் குடியிருக்கும் ஓர் அக்கா ஒருநாள் காலையில் மஞ்சப்பையோடு வந்தார். பை நிறைய காகிதம். ரேஷன் கார்டு, பையனின் பள்ளி டி.சி., கரண்ட் பில், எப்போதோ யாரோ கணக்கெடுக்க வந்தபோது கொடுத்த துண்டுச் சீட்டு.

"எல்லாப் பேப்பரும் இருக்குது தம்பி. எது எதுக்குன்னுதான் தெர்ல."

முந்தின வாரம் வீட்டுச் சுவரில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அது எங்கே அக்கா என்று கேட்டேன்.

"மழைல நனைஞ்சி பிஞ்சி பூட்ச்சிப்பா."

பை முழுக்கக் காகிதம் இருந்தும் வேண்டிய ஒன்று மட்டும் அதில் இல்லை. நோட்டீஸில் என்ன தேதி, எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை நாள் அவகாசம் என்று தெரியாமல் எந்த வக்கீலாலும் ஒரு வரி எழுத முடியாது. நல்ல வேளை, பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் நோட்டீஸை போனில் படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பியிருந்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தேதி தெரிந்தது, கீழே கையெழுத்திட்ட அதிகாரியின் பதவி தெரிந்தது. வழக்கு அந்தப் படத்திலிருந்துதான் பிறந்தது.

நான் வக்கீல் இல்லை. இப்படிப் பையோடு வருபவர்களோடு பல வருடமாக பிராட்வேக்கும் பாரிமுனைக்கும் அலைந்தவன். உரிமை வழக்குகள் நீதிபதி முன்னால் தோற்பதைவிட, வழக்கு போடுவதற்கு முன்பே வீட்டில் தோற்பதுதான் அதிகம். ஜெயித்த பிறகு தோற்பதும் உண்டு. அதனால் இந்த வழிகாட்டியில் கோர்ட்டுக்கு முன்பும் பின்பும் நடக்க வேண்டியவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: குறையை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்

"எங்களுக்கு அநியாயம் நடக்குது" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கோர்ட் கேட்பது வேறு. யார், எந்தத் தேதியில், எதைச் செய்தார் அல்லது செய்யத் தவறினார், அதனால் என்னுடைய எந்த உரிமை போனது? இந்த நான்கும் ஒரு வாக்கியத்துக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் வழக்கு இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம்.

உரிமைகளின் பட்டியல் நீளமானதல்ல. அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவு, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. 15 சாதி, மதம், பாலினம், பிறந்த இடம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்கிறது. 17 தீண்டாமையை ஒழிக்கிறது. 21 உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கிறது. பிழைப்பு, குடிதண்ணீர், மானத்தோடு வாழ்வது எல்லாம் தீர்ப்புக்குத் தீர்ப்பு இந்தப் பிரிவுக்குள் வந்து சேர்ந்தவை. 23 கட்டாய வேலையைத் தடுக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவும் கட்டாய வேலைதான் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, டெல்லியில் ஆசிய விளையாட்டுக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்களின் வழக்கில்.

அடுத்து, எதிராளி யார் என்று பாருங்கள். மாநகராட்சி, போலீஸ், வாரியம், அரசுத் துறை என்றால் 226-ஆவது பிரிவின் கீழ் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது ஒன்றைச் செய்யச் சொல்லியோ ரத்து செய்யச் சொல்லியோ பேராணை கேட்கும் மனு, போடலாம். தனியார் முதலாளி என்றால் பெரும்பாலும் ரிட் எடுபடாது. தொழிலாளர் அதிகாரி, தொழிலாளர் நீதிமன்றம், காவல் நிலையம் என்று வேறு வழி பிடிக்க வேண்டும். ஆனால் தீண்டாமை யார் செய்தாலும் குற்றம். கடைக்காரர், வீட்டுக்காரர், பக்கத்துத் தெருக்காரர் என்ற வேறுபாடு அதில் கிடையாது.

இரண்டாம் படி: பையை ஃபைலாக மாற்றுங்கள்

1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். பிழைப்புக்கான உரிமையும் 21-க்குள் அடக்கம் என்று சொன்ன தீர்ப்பு அது. அதே தீர்ப்பு, மழைக்காலம் முடிந்ததும் அந்த மக்களை அகற்ற அனுமதித்தது என்பதைப் பலர் சொல்வதில்லை. மாற்று இடம் தரச் சொன்னது யாருக்கு என்று பாருங்கள்: 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு. கையில் அந்தப் பதிவு இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே அவ்வளவு பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. அக்காவின் பையில் கிடந்த துண்டுச் சீட்டை அதனால்தான் நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

செய்ய வேண்டியது இது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள். எந்த வருடம் குடிவந்தோம், எப்போது ரேஷன் கார்டு, எப்போது மின் இணைப்பு, எந்தத் தேதியில் நோட்டீஸ், யார் வந்து ஒட்டினார்கள், அவர்கள் வாய்ச்சொல்லாக என்ன சொன்னார்கள். நாள் சரியாக நினைவில்லை என்றால் "பொங்கலுக்கு முந்தின வாரம்" என்று எழுதுங்கள். ஊகித்து ஒரு தேதியைப் போடாதீர்கள். ஒரு தேதி பொய்யென்று தெரிந்துவிட்டால் மற்ற எல்லாத் தேதியையும் எதிர்த்தரப்பு சந்தேகத்துக்குள் இழுத்துவிடும்.

ஒவ்வொரு காகிதத்துக்கும் நம்பர் போடுங்கள். மூன்று செட் ஜெராக்ஸ். மூலத்தை எந்தச் சூழலிலும், எவ்வளவு நம்பிக்கையானவரிடமும், கைவிட்டுக் கொடுக்காதீர்கள். சுவரில் நோட்டீஸ் ஒட்டினால் கிழிக்காமல் படம் எடுங்கள்: ஒரு படம் எழுத்து தெரியக் கிட்டத்தில், இன்னொன்று கதவு எண்ணும் தெருவும் தெரியத் தள்ளி நின்று. எடுத்த படத்தை அன்றே இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள். போன் தொலையும், தண்ணீரில் விழும்.

வேலை சம்பந்தமான வழக்கு என்றால் அடையாள அட்டை, வருகைப் பதிவேட்டின் படம், சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புக். மலக்குழியில் இறங்கி உயிர் போன குடும்பம் என்றால் முதல் காகிதம் எஃப்.ஐ.ஆர்., இரண்டாவது பிரேதப் பரிசோதனை அறிக்கை. மனிதர் மலக்குழியில் இறங்குவதை 2013-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட சாவுக்கு 10 லட்ச ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் "மயங்கி விழுந்து இறந்தார்" என்று மட்டும் எஃப்.ஐ.ஆரில் எழுதிவிட்டால் அந்தப் பணத்துக்காக வருடக்கணக்கில் அலைய வேண்டும். அழுகைக்கு நடுவிலும் யாராவது ஒருவர் ஸ்டேஷனில் உட்கார்ந்து, எந்தத் தெருவில், எந்த மேன்ஹோலில், யார் இறங்கச் சொன்னது என்று எழுத வைக்க வேண்டும். அந்த ஒருவராக இருப்பதைவிடப் பெரிய உதவி அந்த வேளையில் வேறு கிடையாது.

மூன்றாம் படி: முதலில் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்

அரசு ஒன்றைச் செய்ய வேண்டும் என்று கோர்ட் உத்தரவிட வேண்டுமானால், நீங்கள் அதை அந்த அதிகாரியிடம் கேட்டிருக்க வேண்டும். அவர் மறுத்திருக்க வேண்டும் அல்லது பேசாமல் இருந்திருக்க வேண்டும். "கேட்டீர்களா?" என்பதுதான் நீதிபதியின் முதல் கேள்வியாக இருக்கும். வாயால் பத்து முறை கேட்டது கணக்கில் வராது.

மனு ஒரு பக்கம் போதும். தமிழிலேயே எழுதலாம். யாருக்கு அதிகாரம் இருக்கிறதோ அவர் பதவியைப் போட்டு எழுதுங்கள். மேலே உள்ளவர்களுக்கு நகல். இப்படி ஆரம்பித்தால் போதும்: "நான் மேற்கண்ட முகவரியில் இத்தனை வருடமாகக் குடும்பத்தோடு வசிக்கிறேன். இந்தத் தேதியிட்ட உங்கள் அறிவிப்பு இந்த நாளில் என் வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்டது. என் தரப்பைக் கேட்காமல் அகற்ற வேண்டாம் என்றும், கணக்கெடுப்பில் என் பெயரைச் சேர்த்து மாற்றுக் குடியிருப்பு வழங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்." பின்னால் ஆதாரங்களின் பட்டியல், கையெழுத்து, தேதி. கோபத்தை அதில் கொட்ட வேண்டாம். கோபம் நியாயமானதுதான், ஆனால் அந்தத் தாள் நாளைக்கு நீதிபதி கையில் இருக்கப் போகிறது.

நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். தபால் நிலையத்துக்குப் போய் ஒப்புகையோடு அனுப்புங்கள், ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நம் பக்கத்திலேயே, இராஜாஜி சாலையில் இருக்கிறது. அதற்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். 1923-இல் இந்த நகரத்தில் மே தினம் கொண்டாடிய மனிதரின் பெயர் தாங்கிய கட்டடம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் அங்கே மனு கொடுத்து எண் வாங்கிக்கொள்ளலாம்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும்; உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். "ஏன்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "நகல் தருக" என்று கேளுங்கள். எந்தக் கோப்பு, எந்தத் தீர்மானம், எந்தக் கணக்கெடுப்புப் பட்டியல் என்று குறிப்பாக. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இரண்டாவது மேல்முறையீட்டுக்குக் காத்திருந்து வழக்கைத் தள்ளிப் போடாதீர்கள். "இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள்" என்ற ஒரே காரணத்தால் ரிட் மனுக்கள் தள்ளுபடியாகின்றன.

நான்காம் படி: போடலாமா என்று கூடிப் பேசுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். கோர்ட் நமக்கு மட்டும் திறந்திருக்கும் கதவு இல்லை. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள், பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார். இரண்டு வருடம் கழித்து முதலில் உயர் நீதிமன்றத்துக்குப் போனது ஆலை நிர்வாகம்தான். தொழிலாளரை வேலைக்குப் போகாதே என்று தூண்டக் கூடாது என சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை வாங்கியது, நஷ்டஈடும் கேட்டது. கடைசியில் வாடியா சங்கத்திலிருந்து விலக நேர்ந்தது. அந்தத் தோல்வி கிளப்பிய விவாதம்தான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டமாக வந்து சேர்ந்தது. நம் பெரம்பூரில் பட்ட அடியால் நாடு முழுதும் உள்ள தொழிலாளிக்கு ஒரு சட்டம் கிடைத்தது.

எனவே ஒரு தெருவின் வழக்கை ஒருவர் தன்னிச்சையாகப் போடக் கூடாது. தோற்றால் அந்தத் தீர்ப்பைத் தெரு முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும். யார் பெயரில் மனு, பணம் எவ்வளவு, கோர்ட்டுக்கு யார் போவது, சமரசம் பேச வந்தால் யார் பேசுவது என்பதையெல்லாம் உட்கார்ந்து பேசி நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பலவீனத்தையும் வெளிப்படையாகப் பேசுங்கள். முன்னறிவிப்பு கொடுத்து 15 நாள் அவகாசம் தராமல் வீட்டை இடிக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேட்டு நம் ஆட்கள் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை, ஆறு, நீர்நிலை ஆக்கிரமிப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. கால்வாய் ஓரத்து மனிதர் இதைத் தெரிந்துகொண்டுதான் களத்தில் இறங்க வேண்டும். அவருக்கு வேறு வாதம் இருக்கிறது. சட்டப்படி காரணம் கேட்கும் நோட்டீஸ் வந்ததா, பதிலைப் பரிசீலித்தார்களா, கணக்கெடுத்தார்களா, குழந்தைகளின் பள்ளி என்ன ஆகும், மாற்று இடம் எங்கே? பள்ளி ஆண்டின் நடுவில் குடும்பத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து மறுகுடியமர்வு வீடுகளுக்கு அனுப்பினால் பத்தாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும் என்பதும் கோர்ட்டில் சொல்ல வேண்டிய வாதம்தான்.

ஐந்தாம் படி: வக்கீல்

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் வருடச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு; வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. வக்கீல் மட்டுமல்ல, கோர்ட் கட்டணம், டைப்பிங், சான்றிட்ட நகல் செலவும் அதில் அடக்கம். உயர் நீதிமன்ற வழக்குக்கு அந்த வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டும் வழி கேட்கலாம்.

தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, ஆர்மேனியன் தெரு மாடிகளில் வக்கீல்களுக்குக் குறைவில்லை. ரிட் பழக்கம் உள்ளவரா என்று மட்டும் விசாரியுங்கள். கிரிமினலில் பெரிய பெயர் எடுத்தவர் ரிட்டில் புதியவராக இருக்கலாம். பணம் கொடுத்தால் நோட்டில் தேதியோடு எழுதுங்கள். "ஸ்டே நிச்சயம் வாங்கித் தர்றேன்" (ஸ்டே என்றால் இடைக்காலத் தடை) என்று யாராவது சத்தியம் செய்தால் மாடிப்படி இறங்கிவிடுங்கள்.

ஆறாம் படி: கையெழுத்துக்கு முன்னால்

உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான் நடைமுறை. தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் இன்னும் கனியவில்லை. தன் வீட்டைப் பற்றிய வழக்கைத் தன் மொழியில் படிக்க முடியாத நிலை எனக்கு இன்றுவரை வலிக்கிறது. அதற்காக கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். அஃபிடவிட்டை (மனுவோடு சேரும் பிரமாணப் பத்திரம்) தமிழில் வரிவரியாகச் சொல்லச் சொல்லுங்கள், உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். அந்த அக்காவின் அஃபிடவிட்டில் கணவர் பெயர் தப்பாகவும், குடிவந்த வருடம் பத்து வருடம் முந்தியும் டைப் ஆகியிருந்தது. "பத்து வருசம் ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே தம்பி" என்றார். "கரண்ட் பில்லுல தேதி இருக்கு அக்கா, மாட்டிக்குவோம்" என்று திருத்த வைத்தோம்.

மனுவில் உயிர்நாடி, என்ன உத்தரவு கேட்கிறோம் என்ற கடைசிப் பத்தி. செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்லும் பேராணையா, தப்பான உத்தரவை ரத்து செய்யும் பேராணையா, இரண்டுமா? கேட்காததை கோர்ட் பொதுவாகக் கொடுக்காது. கூடவே இடைக்காலக் கோரிக்கை ஒன்று. வழக்கு முடிய வருடம் ஆகலாம். அதுவரை வீடு நிற்க வேண்டும், வேலை இருக்க வேண்டும், தேர்வு எழுத முடிய வேண்டும்.

இதன் அருமை தெரிய பிரித்திகா யாஷினியின் வழக்கைப் பாருங்கள். சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பித்தார். திருநங்கைக்கென்று படிவத்தில் இடமே இல்லை, விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். மூன்றாம் பாலினத்தவருக்குச் சம உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் சொல்லி ஒரு வருடம் கடந்திருந்த நேரம். அவர் இடைக்கால உத்தரவு வாங்கித் தேர்வு எழுதினார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இடைக்கால உத்தரவு இல்லாமல் இறுதித் தீர்ப்பு மட்டும் வந்திருந்தால், தேர்வே முடிந்துபோன பிறகு அதை வைத்து என்ன செய்திருக்க முடியும்?

ஏழாம் படி: வளாகத்துக்குள்

மனு தாக்கலானதும் முதலில் கிடைப்பது எஸ்.ஆர். நம்பர். அது வழக்கு எண் அல்ல, ரசீது மாதிரி. குறை இருந்தால் மனுவைத் திருப்பித் தருவார்கள். பக்கம் தெரியவில்லை, தமிழ் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு இல்லை, ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று என்பது போலக் காரணங்கள் இருக்கும். வாரக்கணக்கில் வழக்கு தூங்குவது இங்கேதான். எஸ்.ஆர். நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, "நம்பர் ஆச்சா?" என்று விசாரித்தபடி இருங்கள். நம்பர் ஆனதும் செல்போனிலேயே நிலவரம் பார்க்கலாம். தெருவில் படிக்கிற பிள்ளை ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். அவர்கள் நம்மைவிட ஒழுங்காகச் செய்கிறார்கள்.

முதல் நாள் விசாரணை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அரசு வழக்கறிஞர் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு பதில் சொல்ல அவகாசம் கேட்பார். அந்த இரண்டு நிமிடத்தில் ஸ்டே கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பிறகு அவர்களின் கவுன்டர், அதாவது எழுத்தில் தரும் பதில் மனு, வரும். அதை வாங்கித் தமிழில் கேட்டு, பொய் இருக்கும் ஒவ்வொரு பத்திக்கும் ஆதாரத்தோடு பதில் கொடுங்கள். "மனுதாரர் அங்கே வசிக்கவே இல்லை" என்று கவுன்டரில் எழுதியிருந்தபோது, அக்காவின் பையனுடைய பள்ளி வருகைச் சான்று வேலை செய்தது.

ஆள் காணாமல் போனால், ஆள் உள்ளே போனால்

இதற்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. மணிக்கணக்கு.

போலீஸ் கூட்டிப் போனால் எந்த ஸ்டேஷன், யார், எத்தனை மணி, எந்த வண்டி என்று உடனே எழுதுங்கள். கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும், குறிப்பாணை எழுத வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதெல்லாம் 1996-இல் டி.கே. பாசு வழக்கில் வகுத்த நெறிகள். இப்போது சட்டத்திலேயே இருக்கின்றன. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே அடிபட்ட இடத்தை வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். பயத்தில் பேசாமல் இருந்துவிட்டால் பிறகு காயம் ஆறிவிடும். ஸ்டேஷன்களில் சி.சி.டி.வி. கட்டாயம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இன்ன தேதி, இன்ன நேரப் பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும் என்று இரண்டொரு நாளில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஆளைச் சட்டவிரோதமாக வைத்திருக்கிறார்கள் அல்லது இருக்குமிடமே தெரியவில்லை என்றால், ஆளைக் கோர்ட் முன் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனு.

குண்டாஸ் என்ற சொல் தெரியாத தெரு வடசென்னையில் இல்லை. குண்டர் தடுப்புச் சட்டம், 1982-ஆம் வருடத்து 14-ஆம் சட்டம் அது. 12 மாதம் வரை விசாரணையில்லாமல் புழல் சிறையில் வைக்கலாம். அதற்கும் கணக்கு உண்டு. 5 நாளுக்குள் காரணங்களைத் தர வேண்டும், 3 வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்தின் முன் வைக்க வேண்டும். காரணங்களோடு தரும் கத்தையை வீட்டார் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் படிக்க முடியாமல் இருக்கிறதா, ஆங்கிலத் தாளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு விட்டுப்போயிருக்கிறதா, நீங்கள் கொடுத்த மனுவை எத்தனை நாள் கிடப்பில் போட்டார்கள்? இந்தச் சின்ன விஷயங்களால் எத்தனையோ காவல் உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன.

உள்ளே போனவருக்கும் சமத்துவம் உண்டு. சிறையில் சாதி பார்த்து வேலை பிரிக்கக் கூடாது, சாதி பார்த்து அடைக்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புழலுக்கு மனு போட்டு ஆளைப் பார்க்கப் போகும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரிட் அல்லாத வாசல்கள்

பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதியைச் சொல்லித் திட்டினால், அடித்தால் 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள், எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. சென்னையில் உதவி ஆணையர் நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை.

போலீசோ அதிகாரியோ அத்துமீறினால் மாநில மனித உரிமை ஆணையம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வக்கீல் அவசியமில்லை, தமிழில் எழுதலாம். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருக்கிறது.

எண்ணூர், மணலிக்காரர்களுக்கு சேப்பாக்கத்தில், சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. பிரச்சினை எழுந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீடு என்றால் 5 வருடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. ஆனால் வலையும் படகும் எண்ணெய் பூசிக் கிடந்ததை அன்றைக்கே தேதியோடு படம் எடுத்து வைத்தவருக்கும், கழுவிவிட்டுக் கடலுக்குப் போனவருக்கும் இழப்பீட்டுப் பட்டியலுக்கு முன்னால் ஒரே பலம் இருக்காது.

கடைசிப் படி: தீர்ப்பு கைக்கு வந்த பிறகு

உரிமை வழக்குகளில் பாதி இப்படித்தான் முடியும்: "மனுதாரரின் மனுவைச் சட்டப்படி பரிசீலித்து 12 வாரத்துக்குள் உத்தரவு பிறப்பிக்க வேண்டும்." கேட்டவுடன் தெருவே பட்டாசு வெடிக்கும். ஆனால் இதில் வீடு கிடைத்துவிடவில்லை, வேலை கிடைத்துவிடவில்லை. அதிகாரியைப் பதில் சொல்ல வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த 12 வாரம் பெரும்பாலும் அவர் கைக்கு உத்தரவின் நகல் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடும். அதனால் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பியுங்கள். வந்ததும் பழைய மனுவின் நகலையும் சேர்த்து, ஒப்புகையோடு அனுப்புங்கள். ஒப்புகை திரும்பி வந்த தேதியிலிருந்து நாட்களை எண்ணி, நாள்காட்டியில் வட்டம் போடுங்கள்.

அவகாசம் முடிந்தும் பதில் இல்லை என்றால் வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ். அதற்கும் அசையவில்லை என்றால் நீதிமன்ற அவமதிப்பு மனு. ஒரு வருடத்துக்குள் போட வேண்டும், தாண்டினால் போச்சு. பதில் வந்து அது மறுப்பாக இருந்தால் சோர்ந்துவிடாதீர்கள். காரணம் எழுதிய மறுப்பு புதிய வழக்குக்கு வழி திறக்கும். காரணமே எழுதாத மறுப்பை உடைப்பது அதைவிடச் சுலபம். தனி நீதிபதியிடம் தோற்றால் 30 நாளுக்குள் இரு நீதிபதி அமர்வில் மேல்முறையீடு.

அக்காவின் வழக்கில் அதிகாரி பரிசீலித்து உத்தரவிட வேண்டும், அதுவரை அகற்றக் கூடாது என்று உத்தரவு வந்தது. 12 வாரம் போனது, பதில் இல்லை. வட்டம் போட்ட தேதிக்கு மறுநாளே நோட்டீஸ் அனுப்பினோம். மூன்றாவது வாரம் கணக்கெடுக்க இரண்டு பேர் வந்தார்கள். எந்த வீட்டை விட்டாலும் நோட்டைக் காட்டி நிறுத்தினார் அக்கா. வரிசையில் இருபத்தெட்டு வீடும் பதிவாயின. கணக்கெடுத்தவர் நீட்டிய சீட்டைக் கையில் வாங்கியவர், அவர்கள் கையெழுத்துப் போடும்வரை அசையவில்லை. "தேதி போடுப்பா, பேனா நான் தர்றேன்."

மாற்று வீடு எங்கே என்ற கேள்வி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அக்காவின் வீட்டில் இப்போது மஞ்சப்பை இல்லை. நம்பர் போட்ட ஃபைல் மூன்று இருக்கின்றன. ஒன்று அவரிடம், ஒன்று வக்கீலிடம். மூலம் மட்டும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மழைக்குத் தண்ணீர் ஏறாத கொடுங்கையூர் மாடி வீட்டில், அவர் தங்கச்சியின் பீரோவுக்குள்.